இடைவேளையில் நின்ற மனிதர்

பினாங்கிலிருந்து இந்தியாவுக்குப் புறப்படுகிறவர்கள் பழனி, மதுரை, திருச்செந்தூர் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். கூடவே பட்டுப்புடவைக்கும் ஒரு பட்டியல் இருக்கும். நான் போனது உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டைத் தேடி. "ஏன், இங்கே கண்ணாடி கிடைக்காதா?" என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டூடியோ நடத்துகிறவளுக்குக் கண்ணாடி எங்கே கிடைக்கும் என்று சொல்லிக் கொடுக்க வந்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். என் மகள் வசந்தா அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில் படிக்கிறாள். அவளோடு ஒரே அறையில் தங்கியிருப்பவள் ரூத். அப்பாச்சி இனத்துப் பெண். நமக்குச் சினிமாவில் குதிரை மேல் வந்து கூச்சல் போட்டுவிட்டுச் சுடப்பட்டு விழுகிறவர்களாக மட்டுமே காட்டப்பட்ட ஜனங்கள். ரூத்தின் கொள்ளுத்தாத்தா நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்க ராணுவத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர். மண்ணில் கால்தடத்தைப் பார்த்தே எத்தனை பேர் போனார்கள், எப்போது போனார்கள் என்று சொல்லிவிடுவாராம்.

அந்தச் சமயத்தில் நிலத்தை அளக்க ஒரு சர்வே குழு வந்தது. அதோடு வந்த புகைப்படக்காரர் கோவேறு கழுதை மேல் பெட்டிக் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் மருந்து பாட்டில்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார். வழிகாட்டிகளை வரிசையாக நிற்க வைத்து எடுத்தார். அவர்களுடைய மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் எடுத்தார். அதில் ஒரு படம்: ஒரு நீரூற்று, பக்கத்தில் மக்காச்சோளக் கொல்லை, பின்னால் பாறைமலை, கொல்லை ஓரத்தில் ரூத்தின் கொள்ளுத்தாத்தா.

வழி காட்டினவருக்கு என்ன கிடைத்தது? அப்பாச்சிகளுக்கு என்று ஒதுக்கிய நிலத்துக்கு எல்லைக்கோடு போட்டபோது அந்த ஊற்றை வெளியே தள்ளிக் கோடு போட்டுவிட்டார்கள். அங்கே யாரும் பயிர் வைத்ததே இல்லை, வெறும் பாறை என்று காகிதத்தில் எழுதியும் வைத்தார்கள். எந்த நாட்டு ஆபீசாக இருந்தால் என்ன, இந்த வேலை மட்டும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. வழிகாட்டியின் மகன், அதாவது ரூத்தின் தாத்தா, எண்பது வயதிலும் ஒவ்வொரு விசாரணைக்கும் போய், "அங்கே சோளம் விளைந்தது, சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். சர்வேக்காரர்களின் அச்சிட்ட பட்டியலில் அந்தப் படத்தின் எண் இருந்தது. படம்தான் இல்லை. மூலத் தகடு எப்போதோ உடைந்துபோய்விட்டது.

ஆனால் அந்தப் படங்களை, விளக்கு வெளிச்சத்தில் சுவரில் படம் காட்டும் மாஜிக் லாந்தரில் போடுகிற கண்ணாடி ஸ்லைடுகளாகவும் செய்து விற்றிருக்கிறார்கள். ஒரு பெட்டி ஸ்லைடை அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர் மதராஸ் பக்கம் கொண்டு வந்தார். "பெட்டியைச் செங்கல்பட்டில் விட்டு வந்தேன்" என்று அவருடைய பழைய கடிதம் ஒன்றில் ஒரு வரி. அந்த ஒரு வரியை ரூத் தேடிக் கண்டுபிடித்தாள், வசந்தா எனக்கு எழுதினாள். "அடுத்த மாதம் கடைசி விசாரணை, அம்மா. நீதான் போக வேண்டும்." படத்தில் நிற்கிற கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கேட்டு எழுதியிருந்தேன். இறந்தவர்கள் பெயரை ரூத்தின் தாத்தாவான அந்தப் பெரியவர் சும்மா வாயில் எடுப்பதில்லை, அது அவர்கள் வழக்கம் என்று பதில் வந்தது. சரி, பெயர் தெரியாத மனிதரைத் தேடிக்கொண்டு போனேன்.

கப்பலைப் பற்றி எழுதினால் எனக்கே வாந்தி வரும். திங்கட்கிழமை காலையில் செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கினேன் என்பதோடு ஆரம்பிக்கிறேன். சனிக்கிழமை மதியம் மீனம்பாக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கு விமானம் ஏறும், வசந்தா சொல்லிவைத்திருந்த ஒரு டாக்டர் கையில் ஸ்லைடைக் கொடுத்தாக வேண்டும். தபாலில் போட்டால் விசாரணைக்குப் போய்ச் சேராது. கண்ணாடி, அதுவும் முழுசாகப் போய்ச் சேராது.

ஸ்டேஷனுக்கு எதிரே இட்லி சாப்பிட்டேன். பினாங்கில் இட்லி என்று நாங்கள் சாப்பிடுவதை இனிமேல் அந்தப் பெயரால் கூப்பிட மாட்டேன். காப்பிச் சூட்டில்தான் உதடு வெந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோப்பிக் கடையில் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடிப்போம். இங்கே அப்படிச் செய்ததும் பக்கத்து மேஜைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று குடித்து முடித்தேன்.

வாடகைக்கு ஒரு கார் பிடித்தேன். ஓட்டுகிறவர் பெயர் ஏழுமலை. நாற்பது வயதிருக்கும். வண்டிக்கு அதைவிடக் கூடுதல் வயது. ஒரு கதவு உள்ளிருந்து திறக்காது, ஒரு கதவு வெளியிலிருந்து திறக்காது. "எங்கம்மா போவணும்?" என்றார். பாதிரியார் இருந்த பங்களாவுக்கு என்றேன். "எந்தப் பாதிரி?" செத்து நாற்பது வருஷம் ஆனவர் என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பங்களா ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. இப்போது ஏதோ கிடங்கு. காவல்காரர் நல்ல மனிதர். கேட்டதற்குப் பதில் சொல்லாமல், கேட்காத எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவர் மகள் கல்யாணம், மாமியார் முழங்கால் வலி எல்லாம் கேட்டு முடித்த பிறகு விஷயம் வந்தது. "அந்தப் படம் காட்ற பொட்டியா? அதெல்லாம் ஏலத்துல பூட்சிம்மா. நான் சின்னப் பையன். டெண்ட்டுக் கொட்டாக்காரங்க வந்து அள்ளிகினு பூட்டாங்க."

"டெண்ட்டுக் கொட்டகைக்கு லாந்தர் எதற்கு?" என்றேன்.

"லாந்தர ஆருக்கு வோணும்? கண்ணாடிக்குத்தான்" என்றார் காவல்காரர்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தொழில் தெரிந்தவள் ஆயிற்றே. டூரிங் டாக்கீஸில் படத்துக்கு முன்னால் 'புகை பிடிக்காதீர்', 'பக்கத்து ஜவுளிக்கடைக்கு விஜயம் செய்யுங்கள்' என்று காட்டுவார்களே, அந்த ஸ்லைடுக்கும் லாந்தர் ஸ்லைடுக்கும் ஒரே அளவு. பழைய ஸ்லைடு கிடைத்தால் படத்தைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே கண்ணாடியில் விளம்பரம் எழுதிவிடுவார்கள். புதுக் கண்ணாடி வெட்டுகிற வேலை மிச்சம். பினாங்கில் நானே செய்திருக்கிறேன். அன்று ராத்திரி லாட்ஜில் படுத்துக்கொண்டு, நான் யார் யாருடைய படத்தையெல்லாம் சுரண்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்க அந்தக் கொட்டகையைத் துரத்தினோம். டூரிங் கொட்டகை என்றால் பேருக்கேற்ற மாதிரி ஒரே இடத்தில் இருக்காது. திருக்கழுக்குன்றத்தில் போன வருஷம் இருந்ததாம். அங்கே டயர் பஞ்சர். ஏழுமலை ஸ்டெப்னியைக் கழற்றினார். அதிலும் காற்று இல்லை. "ஸ்டெப்னிய பாக்கவே இல்லியே நானு" என்று சொல்லிவிட்டு, டயரை உருட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனார். மலைமேல் கழுகு வந்து சோறு சாப்பிடுகிற நேரம். கும்பலே அண்ணாந்து நின்றது. நானும் நின்றேன். கழுகு வந்ததா என்று கேட்காதீர்கள். எனக்கு முன்னால் நின்றவர் தலையில் பெரிய மூட்டை இருந்தது.

டயரோடு திரும்பிய ஏழுமலை சேதியோடும் வந்தார். "கொட்டா மாபலிபுரத்துக்குத் தெக்கால இருக்குதாம்மா. கடலோரம். ஆப்ரேட்டரு கன்னியப்பன்னு ஒருத்தரு. அவருதான் ஸ்லைடு எழுதறவரும்."

மாமல்லபுரத்தைத் தாண்டும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. தலைமுடி இடுப்பு வரை வளர்த்த வெள்ளைக்காரப் பையன்கள் மணலில் படுத்திருந்தார்கள். சிற்பிகளின் உளிச் சத்தம் காதை அடைத்தது. கடற்கரைக் கோயிலைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அது ஆயிரம் வருஷமாக அங்கேதான் இருக்கிறது, அடுத்த தடவையும் இருக்கும். கன்னியப்பன் அன்றைக்கு மதராஸுக்குப் படப்பெட்டி வாங்கப் போயிருந்தார். ஒரு நாள் போயிற்று என்று அந்த மணலிலேயே உட்கார்ந்து வாய்விட்டுத் திட்டினேன். யாரை என்று எனக்கே தெரியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஆளைப் பிடித்தேன். கொட்டகை என்றால் ஓலைக் கூரை, சுற்றிலும் தார்ப்பாய், தரையில் மணல். பின்னால் நான்கைந்து வரிசை பெஞ்சு. கன்னியப்பன் ஒல்லியாக, காதில் பெயிண்ட் பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு இருந்தார். நான் ஸ்டூடியோக்காரி என்று சொன்னதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தொழில் மரியாதை.

பெட்டி இருந்தது. அதே பெட்டி. மேலே இங்கிலீஷில் பாதிரியார் பெயர் மங்கலாக இருந்தது. கன்னியப்பன் ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். 'முன் பெஞ்சில் கால் வைக்காதீர்.' 'பெண்கள் பக்கம் ஆண்கள் உட்காரக் கூடாது.' 'தங்கள் நல்வரவை நாடும்.' அழகான எழுத்து, மறுக்க மாட்டேன். ஒரு கண்ணாடியில் 'சோடா கலர் கிடைக்கும்' என்பதற்குப் பின்னால் ஓரத்தில் சுரண்டாமல் விட்ட ஒரு மலைமுனை தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எல்லாத்தையும் சுரண்டிட்டீங்களாய்யா?"

"மல, காடு, ஆறு, இதெல்லாம் சொரண்டனேம்மா. மூஞ்சி இருந்தா மட்டும் கை வெக்கமாட்டேன். ஆரு பெத்த புள்ளயோ. மூஞ்சிய சொரண்டனா கை வெளங்குமா?" என்று சொல்லி, பெட்டியின் அடியிலிருந்து துணியில் சுற்றிய நான்கு கண்ணாடிகளை எடுத்தார்.

நான்கிலும் அந்த வழிகாட்டிகள். தலையில் துணி சுற்றியவர்கள், இடுப்பில் தோட்டா வார் கட்டியவர்கள், துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்தவர்கள். அந்தக் கேமராவுக்குப் பல நொடி அசையாமல் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு "அசையாதீங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூக்கைச் சொறிகிற ஜனங்களைத்தான் எனக்குத் தெரியும். இவர்களில் ஒருவர் கண்கூட அசையவில்லை. அவர்கள் காலடியில் ஒரு நாய் மட்டும் அசைந்து, இரண்டு தலையோடு இருந்தது.

"எடுத்துனு போம்மா. அவங்க ஊருக்குப் போய்ச் சேரட்டும்" என்றார் கன்னியப்பன்.

சந்தோஷம்தான். ஆனால் ஊற்றும் கொல்லையும் இருக்கும் படம் அதில் இல்லை. மலை, ஊற்று, மக்காச்சோளம், வெளிநாட்டுப் படம், ஒரு ஓரத்தில் ஆள் என்று விவரமாகச் சொல்லிக் கேட்டேன். "வெளிநாட்டு மல எதுவும் இப்ப இல்லம்மா. எல்லாம் நாந்தான் சொரண்டிட்டனே" என்றார் அவர். குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால் சண்டை போடவும் முடியவில்லை.

உடனே திரும்பிப் போகலாம் என்றேன். ஏழுமலை அசையவில்லை. "வந்ததும் வந்தோம், ஒரு ஆட்டம் பாத்துட்டுப் போலாம்மா. ஆறரைக்கு ஆரம்பிச்சிடுவான்." எனக்கு எதிர்த்துப் பேசத் தெம்பு இல்லை. அஞ்சலை என்ற அம்மா வாசலில் சங்கரா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். காலையில் கூடையில் மீன் விற்பவள், சாயங்காலம் கொட்டகை வாசலில் வறுப்பவள். இலையில் இரண்டு மீன் வாங்கிக்கொண்டு பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தேன். அணு உலை கட்டுகிற இடத்திலிருந்து லாரியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். குப்பத்து ஜனம் பாயோடு வந்தது. மீனின் காரத்தில் கண்ணில் நீர் வந்தது. அஞ்சலை அரைத்த மிளகாயோ, என் துக்கமோ, இரண்டும் சேர்ந்ததோ.

படத்தில் கதாநாயகி அண்ணனைப் பிரிந்து கதறிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றது. திரையில் வெளிச்சம் மாறியது. சிவப்புப் பெயிண்டில் பெரிய எழுத்தில் 'இடைவேளை.'

எழுத்துக்குக் கீழே மலை. பாறைக்கு மேல் பாறை அடுக்கிய மலை. அதன் அடியில் நீரூற்று, வெயிலில் வெள்ளையாக. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். கொல்லை ஓரத்தில், தலையில் துணி கட்டி, துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, ஒரு மனிதர் நேராக நம்மைப் பார்த்து நின்றார்.

எழுந்து நின்றுவிட்டேன். மடியில் இருந்த மீன் மணலில் விழுந்தது. "அதுதான், அதுதான்" என்று கத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "இன்னாம்மா, எடவேளையக்கூட மறைச்சிகினு நிக்கற, குந்து" என்றது.

ஆப்ரேட்டர் அறைக்கு ஓடினேன். கன்னியப்பன் திகைத்துப்போனார். "இதுவா? இது வெளிநாடு இல்லியேம்மா. இது செஞ்சி மல. அவரு நம்ம ஊரு ஆளு."

இருபது வருஷமாகக் குப்பம் முழுக்க அப்படித்தான் நம்பியிருக்கிறது. செஞ்சிப் பக்கத்துப் பாறைமலை அச்சாக அப்படித்தான் இருக்குமாம். தலைக்கட்டு, கோவணம், சோளக்கொல்லை, எல்லாம் நம்முடையது. பாதிரியார் பெட்டியிலிருந்துதான் வந்தது என்பதையே கன்னியப்பன் மறந்துவிட்டார். ஆகாயம் இருந்த இடத்தைச் சுரண்டலாம் என்று பிளேடை எடுத்தவர், மூலையில் கட்டைவிரல் நகம் அளவு மூஞ்சி ஒன்று இருப்பதைப் பார்த்து நிறுத்திவிட்டார். ஸ்லைடில் இரண்டு கண்ணாடி உண்டு. ஒன்றில் படம், மற்றது அதைக் காக்கும் மூடி. எழுத்தை மூடியின் மேல் எழுதிவிட்டார். அதனால் படத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஓரத்துக் காகிதத்தை ஈரம் தொட்டுப் பிரித்தோம். அடியில், ஊசியால் கீறிய எண். என் பையிலிருந்த வசந்தாவின் கடிதத்தை எடுத்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டேன். அதே எண். அந்த இருட்டு அறையில் ப்ரொஜெக்டரின் கார்பன் புகையில் நின்று, அறிமுகமாகி அரை நாள் ஆன மனிதரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றேன்.

கன்னியப்பன் தயங்கினார். "எனக்கு ஒண்ணியும் இல்ல. ஜனம் கேக்குமே."

அதற்குள் சேதி வெளியே போய்விட்டது. அஞ்சலை கரண்டியோடு வந்து நின்றாள். "எடவேளை அண்ணாத்தய எட்துகினு போறியா? இன்னா வெளாடறியா? எம் புள்ளைங்க பொறந்ததுலேர்ந்து அவரத்தான் பாக்குது. படம் சோக்கா இல்லன்னாகூட அவரப் பாத்துட்டுத்தான் வூட்டுக்குப் போவோம்."

நான் உண்மையைச் சொன்னேன். இது அவருடைய கொல்லை. அவர் மகன் இன்னும் உயிரோடு இருக்கிறார். இங்கே யாரும் பயிர் வைக்கவில்லை என்று சொல்லி நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். இந்தக் கண்ணாடி மட்டும்தான் சாட்சி.

குப்பத்துக்காரர்களுக்கு இந்தக் கதையை அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. கரையோரத்தில் எத்தனை கோடு, எத்தனை வேலி பார்த்தவர்கள். அஞ்சலை கரண்டியைக் கீழே இறக்கினாள். "போவட்டும். ஆனா எடவேளைல ஆள் நிக்கணும். வெறும் எழுத்து காட்டினா வுடமாட்டோம். நீதான் போட்டா புடிக்கறவளாச்சே. ஒரு ஆள நிக்க வெச்சிக் குடு. வெள்ளிக்கெழம ஆட்டத்துல பாக்கறோம். புடிச்சிருந்தா எட்துகினு போ."

வியாழக்கிழமை விடியற்காலையில் கேமராவோடு கரைக்குப் போனால், குப்பத்து ஆண்கள் பாதிப் பேர் எண்ணெய் தடவித் தலை வாரிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் கல்யாண வேட்டியில் வந்திருந்தார். யார் நிற்பது என்று தள்ளுமுள்ளு. ஏழுமலைகூட, "டிரைவர் நின்னா நல்லாருக்காதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிக்கொண்டிருந்தது. சூரியன் எனக்காக நிற்குமா?

அப்போது அஞ்சலை கூடையோடு படகுப் பக்கமிருந்து வந்தாள். வஞ்சிரம் ஒன்று கூடைக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் கடல், பக்கத்தில் பாறை. இடுப்பில் கை வைத்து, "இன்னா பேஜாரு காலங்காத்தால?" என்று நின்றாள்.

"அசையாதே" என்றேன். க்ளிக். முடிந்தது.

"அய்ய, நானா? ஆம்பள இல்ல நிக்கணும்?"

"ஏன், எடவேளைன்னா ஆம்பளதான் நிக்கணும்னு எழுதி வெச்சிருக்கா?" என்றேன். எனக்கும் அவர்கள் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. கல்யாண வேட்டிக்காரர் வீட்டைப் பார்த்து நடந்தார். அஞ்சலை எதிரில் யார் வாதாடுவார்கள்?

செங்கல்பட்டில் ஒரு ஸ்டூடியோக்காரர் தம்முடைய இருட்டறையை அன்று முழுக்க எனக்கு விட்டுக்கொடுத்தார். கேட்டதும் கொடுத்தார், காரணம்கூடக் கேட்கவில்லை. அஞ்சலையின் படத்தை ஃபிலிமில் அச்செடுத்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்துக் கட்டினேன். மேல் கண்ணாடியில் கன்னியப்பன் தம் கையால் சிவப்பில் 'இடைவேளை' எழுதினார். பழைய ஸ்லைடின் எழுத்தை அழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எதையாவது துடைக்கப் போய் எதையாவது கெடுத்துவிட்டால்? அப்படியே பஞ்சில் பொதிந்து பிஸ்கட் டின்னில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணி ஆட்டம். கொட்டகை நிரம்பி, வெளியில் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டும் ஜனம் நின்றது. படம் என்ன படம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. இந்த ஜனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிஸ்கட் டின்னை நான் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஓடவும் மாட்டேன். அவர்கள் காப்பாற்றி வைத்த பொருள்.

இடைவேளை வந்தது. திரையில் அஞ்சலை தலைகீழாக நின்றாள்.

காலுக்கு மேல் மணல், கடலுக்குக் கீழே வஞ்சிரம். கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. தப்பு என்னுடையதுதான். ஸ்லைடைத் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராக வரும். அதற்கு அடையாளமாகக் கன்னியப்பன் எப்போதும் தலை இருக்கும் பக்கம் குங்குமப் பொட்டு வைப்பார். நானோ பினாங்குப் பழக்கத்தில் காலடிப் பக்கம் வைத்துவிட்டேன். அவர் தம் வழக்கப்படி பொட்டை நம்பிச் செருகிவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து அஞ்சலையின் குரல் தனியாகக் கேட்டது. "அடிப்பாவி, என்னைக் கவுத்துட்டியே."

கன்னியப்பன் உருவித் திருப்பிப் போட்டார். திரை ஒரு நிமிஷம் வெள்ளையாக இருந்தது. பிறகு அஞ்சலை நேராக நின்றாள், இடுப்பில் கையோடு, கடலையே யாரோ கொடுத்த சீதனம் மாதிரி பின்னால் வைத்துக்கொண்டு. சிரிப்பு நின்றது. முதலில் ஒரே ஒரு சீழ்க்கை. அப்புறம் கொட்டகை முழுக்கச் சீழ்க்கை. சின்னப் பிள்ளைகள், "அஞ்சல, அஞ்சல" என்று மணலை வாரி இறைத்தார்கள். நிஜ அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு கண்ணால் மட்டும் திரையைப் பார்த்தாள்.

வெளியே வந்து என் தோளைத் தட்டினாள். "கவுத்தாலும் சோக்கா கவுத்த. அண்ணாத்தய பத்திரமா அனுப்பி வை. கொல்ல கெடச்சிதான்னு எழுது." இலையில் நான்கு மீன் கட்டிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஏழுமலை மீனம்பாக்கம் வரை வண்டியை ஒரு பள்ளத்திலும் இறக்காமல் ஓட்டினார். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் எல்லாம் எப்படித் தாண்டினோம் என்று தெரியாது. பிஸ்கட் டின்னை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கேட்டேன். "நேத்தே பாத்துட்டேம்மா. ரெண்டு தபா பாத்தேன்" என்றார். டாக்டர் டின்னை வாங்கிக்கொண்டு, இதில் என்ன என்று கேட்டார். ஒரு மனிதர் என்றேன்.

ஒன்றரை மாதம் கழித்து பினாங்குக்கு வசந்தாவின் கடிதம் வந்தது. விசாரணை அறையை இருட்டாக்கி, சுவரில் ஸ்லைடைப் போட்டார்களாம். சிவப்பு எழுத்து என்ன என்று அதிகாரி கேட்டார். படம் பாதியில் நிற்கும்போது இந்தியாவில் காட்டுவது என்று வசந்தா சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார். எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். பாறைமலையின் விளிம்பை, போன வாரம் அதே இடத்தில் ரூத் எடுத்த புதுப் படத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரு பாறைகூட நகரவில்லை.

பெரியவரை எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே எழுந்து சுவருக்குப் போனார். அப்பாவின் முகத்தைத் தொடவில்லை. தண்ணீர் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். "இங்கே குளிர்ச்சியாக இருக்கும்" என்றார். எல்லைக்கோட்டை மாற்றிப் போடும்படி அதிகாரி எழுதினார். ஊற்றும் கொல்லையும் கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டன. கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு ஸ்டூடியோவைப் பட்டப்பகலில் பூட்டினேன். தெருவில் கண்ணாடி பற்றிக் கேட்ட எல்லோர் வீட்டிலும் ஏறி இறங்கிச் சொன்னேன். கடைசி வீட்டில் தொண்டை கட்டிவிட்டது.

கன்னியப்பனுக்கும் எழுதிப் போட்டேன். அவர் பதில் ஸ்லைடு எழுதுகிற அதே கையெழுத்தில், கொட்டை கொட்டையாக வந்தது.

"அம்மாவுக்கு வணக்கம். உங்க லெட்டர் சனிக்கிழமை வந்திச்சு. அன்னிக்கி ஆட்டத்துல எடவேளைல அஞ்சலைய காட்டிட்டு, மைக்குல சொன்னேன், நம்ம அண்ணாத்தைக்கு அவரு கொல்ல திரும்பக் கெடச்சிடுச்சுன்னு. ஜனம் எழுந்து நின்னுகினு ஒரே சீழ்க்க. குந்த சொன்னாலும் குந்தல. அதுல மறுபாதி படம் போட பத்து நிமிசம் லேட்டு. அஞ்சல அன்னிக்கி மீனு எல்லாருக்கும் சும்மா குடுத்திச்சி. அவரு கொல்லைல இந்த வருசம் சோளம் போட்டாங்களான்னு கேட்டு எழுதச் சொல்லிச்சி."

வசந்தாவிடமிருந்து தகவல் வரும் வரை மூன்று மாதம் காத்திருந்து, போட்டிருக்கிறார்கள், ஆள் உயரம் வந்துவிட்டது என்று எழுதினேன். கூடவே வசந்தா அனுப்பிய படம் ஒன்றையும் வைத்தேன். அதே பாறைமலை, அதே ஊற்று, கொல்லை ஓரத்தில் ஒரு பெரியவர் நேராக நம்மைப் பார்த்து நிற்கிறார்.